அந்தப் பையைக் காலி செய்தது யார்?

சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் மாளிகை என்று ஒரு கட்டடம். அதில்தான் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில். 1926-ம் வருடத்துச் சட்டப்படி அமைந்தது. கன்னியாகுமரியில் படித்த பெண்ணும் கிருஷ்ணகிரியில் படித்த பெண்ணும் பதிவெண்ணுக்காகக் கையில் ஃபைலோடு இந்தத் தெருவில் இறங்கி வழி கேட்பதைப் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரி அதே வட்டாரம்தான். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் பி.பி. பார்த்துக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டில் யார் யார் நர்ஸ் என்பது கவுன்சில் பதிவேட்டில் சுத்தமாக இருக்கும். யார் யாருக்கு வேலை சொல்லலாம் என்பது மட்டும் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அதை வார்டில் தினமும் காலையில் தீர்மானிப்போம். சாயங்காலம் மேல்முறையீடு.

ஏட்டுக் கணக்கு எளிது. ஏ.என்.எம். படிப்பு இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று, பி.எஸ்சி. நான்கு. வார்டுக் கணக்கு வேறு. போன மாதம் சேர்ந்த பி.எஸ்சி. பெண், இருபது வருடமாக ஊசி போடும் ஜி.என்.எம். அக்காவிடம், "ஆறாம் பெட்டுக்கு ஒரு கேனுலா போட்டுடுங்க" என்று சொல்லிப் பார்க்கட்டும். அக்கா மறுக்கவே மாட்டார். "நீயே போடும்மா, காலேஜ்ல படிச்ச கை, ராசியா இருக்கும்" என்பார். அந்தப் பெண் மத்தியானம் வரை நரம்பு தேடிக்கொண்டிருப்பாள். கோட்டயத்திலிருந்து வந்த சேச்சிக்குச் சம்பளத் தேதி, லீவு, ஓவர்டைம் எல்லாம் நல்ல தமிழில் புரியும். பெட்பேன் என்றால் மட்டும் மொழிப் பிரச்சினை வந்துவிடும்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே ஆயாம்மா. ஊர் பட்டினப்பாக்கம். ஆஸ்பத்திரிக்கு இரண்டாம் மாடி எழும்புவதற்கு முன்பே வேலைக்கு வந்தவர். பேஷன்ட் எதிரில் எங்களை "சிஸ்டர்" என்பார், ஸ்கிரீனுக்குப் பின்னால் "கண்ணு." "இன்னா சிஸ்டரம்மா" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் அப்படித்தான் ஆரம்பித்தார். ஆண்கள் வார்டு, காலை ஹேண்டோவர் நேரம். எட்டாம் பெட்டில் சிறுநீரகக் கோளாறு. வெளியேறும் யூரினைச் சொட்டு விடாமல் எழுதச் சொல்லியிருந்தார் டாக்டர். விடிகாலையில் நைட் சிஸ்டர் கை நிறைய வேலையோடு, "எட்டாம் பெட் பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க ஆயாம்மா" என்றார். ஆயாம்மா பார்த்தார். கனத்துத் தொங்கியது. காலி செய்தார். பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தார். சார்ட்டில் அந்தக் கட்டம் மட்டும் காலி.

"எவ்ளோ இருந்துச்சு?"

"நெறையா இருந்துச்சு."

"எவ்ளோ எம்.எல்.?"

"இன்னா சிஸ்டரம்மா, பாக்கச் சொன்னாங்க, பாத்தேன். அளந்து ஊத்தறதுக்கு நான் இன்னா பால்காரியா?"

"இத்தனை வருஷமா இருக்காங்க, இதுகூடவா சொல்லணும்?" என்றார் நைட் சிஸ்டர். "அளவு ஜக்கை எடுத்துக் குடுத்தீங்களா?" என்று காலை சிஸ்டர் ஆயாம்மா பக்கம் சாய்ந்தார். ஜக்கைத் தேடினோம். பக்கத்து வார்டில் அதற்குள் மணி பிளான்ட் வளர்ந்துகொண்டிருந்தது. அது யார் வைத்தது என்று அடுத்த சண்டை தொடங்கும்போது, எட்டாம் பெட்டே வாயைத் திறந்தது. "ஆயிரத்து நூறு கோட்டைத் தொட்டுண்டிருந்தது சிஸ்டர். நான் ரிட்டயர்ட் ஆடிட்டர்." தலையணைக்கு அடியிலிருந்து 'ஹிண்டு' பேப்பரை எடுத்தார். ஓரத்தில், குடித்த காபி உட்பட, வரவும் செலவும் தேதி போட்டு எழுதியிருந்தது.

ஒரு வேலையை அடுத்தவரிடம் ஒப்படைப்பதற்குப் பாடப் புத்தகத்தில் ஐந்து 'சரி' உண்டு. அமெரிக்க நர்சிங் வாரியங்கள் வகுத்தவை. வேலை சரியா, சூழ்நிலை சரியா, ஆள் சரியா, சொன்ன விதம் சரியா, மேற்பார்வை சரியா. நாங்கள் முதல் நான்கையும் தாண்டிக் குதித்துவிட்டு, ஐந்தாவதை மட்டும் எல்லாம் முடிந்த பிறகு உரத்த குரலில் செய்வோம். சார்ட்டில் கையெழுத்துப் போடுவது பதிவெண் உள்ள நர்ஸ். ஆயாம்மாவுக்குப் பதிவெண்ணும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. ஆகவே வேலையை அவர் கையில் கொடுக்கலாம். டாக்டர் கேட்டால் பதில் நம் வாயிலிருந்துதான் வர வேண்டும். வேலையோடு சேர்த்துப் பொறுப்பையும் அடுத்தவருக்குத் தள்ளிவிடப் பார்க்கும்போதுதான் எல்லாச் சண்டையும் வருகிறது.

நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் வெளியிட்ட நர்சிங் குறிப்புகளில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். நாம் இருக்கும்போது நடக்கிற வேலை, நாம் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்வதுதான் நிர்வாகம் என்பது அதன் சாரம். அவர் பிறந்த மே 12-ம் தேதி வருடா வருடம் நாங்களும் மெழுகுவர்த்தி ஏந்தி உறுதிமொழி எடுப்போம். கேக் வெட்ட ஆள் கிடைக்கும். உருகி ஒட்டிய மெழுகைத் தரையிலிருந்து சுரண்டுவது யார் என்பது ஒவ்வொரு மே 13-ம் தேதியும் கிளம்பும் கேள்வி.

குணத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பொது ஆஸ்பத்திரியில் ஐந்து பேஷன்டுக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. நைட் டூட்டியில் அந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பு வரும். முப்பது கட்டிலை இரண்டு பேர் பார்க்கும்போது, "நீ செய்" என்பது "நீ சாவு" என்றுதான் காதில் விழும். 2017 நவம்பரில் அரசு ஒப்பந்த நர்ஸ்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்களே, அவர்கள் கேட்டது பணி நிரந்தரம். அப்போது வாங்கிய மாதச் சம்பளம் 7,700 ரூபாய். ஒரே வார்டில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்றால், எந்த 'சரி'யைப் போட்டும் அதைச் சரிக்கட்ட முடியாது.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஒருவர் இருந்தார். வேலை சொன்னால் ஆள், கட்டில், மணி மூன்றும் இருக்கும். கடைசியில், "இப்ப நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு" என்பார். அருவருப்பான வேலைகளுக்கு முறை போட்டபோது முதல் முறை அவருடையது. சண்டை வந்தால் பேஷன்ட் எதிரில் பஞ்சாயத்துக் கிடையாது. இருவரையும் லினன் ரூமுக்குள் தள்ளி, "பெட்ஷீட்டை எண்ணிட்டு வாங்க" என்பார். எங்கள் லினன் கணக்கு என்றைக்கும் நேரானதில்லை. பத்து நிமிஷத்தில் இருவரும் ஒரே குரலில் லாண்டரிக்காரரைத் திட்டிக்கொண்டு வெளியே வருவார்கள்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு பாதி வேலை போய்ச் சேரும் இடம் பேஷன்டின் மச்சினர்தான். "டிரிப் முடியப் போறப்ப கூப்பிடுங்க சார்" என்போம். அவர் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்த மாமியிடம் அதைச் சொல்லிவிட்டு, கச்சேரி ரோடுப் பக்கம் காபிக்குப் போய்விடுவார். மாமி கண் கொட்டாமல் பாட்டிலையே பார்த்திருந்து, கழுத்துக்கு வந்ததும் ஓடி வந்து நிற்பார். என்ன வேலை, எப்போது, யாரிடம் சொல்ல வேண்டும் என்று மூன்றும் அவருக்குத் தெரியும். என் சர்வீஸில் ஒரு தடவைகூடப் பிசகாத ஏற்பாடு அது ஒன்றுதான். ஆனால் மாமியை ரோஸ்டரில் போட முடியாது. மச்சினர் திரும்பி வரும்போது மாமிக்கும் ஒரு காபி வாங்கி வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயும் லினன் ரூம்தான்.