ஐஸ் மழையும் ஐம்பது சதவீதமும்

சித்திரை வெயிலில் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு காருக்கு என்னவெல்லாம் ஆகலாம் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டால் விரல் விட்டு எண்ணுவார்கள். டயர் வெடிக்கும். ஏ.சி. உயிரை விடும். ரோட்டில் காயப் போட்ட நெல்லின் மேல் சக்கரம் ஏறித் திட்டு வாங்கித் தரும். வானத்திலிருந்து ஐஸ் விழுந்து கூரை நசுங்கும் என்று மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கோடை மழையோடு அவ்வப்போது கொட்டுவது சரி. காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் ஆலங்கட்டிக்கும் என்ன உறவு?

அந்த உறவு பல்லாவரத்துக்காரர் ஒருவருக்கு நேரில் தெரியவந்தது. பெயர் வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏற்கெனவே அவர் மேல் ஒரு கண் இருக்கிறது.

மனைவி, அம்மா, கல்லூரியில் வரலாறு படிக்கும் மகள் என்று குடும்பத்தோடு அவர் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வந்திருந்தார். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் பொறித்த எழுத்துகள். ஊர்ச் சபைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதை ஒன்று விடாமல் சொல்பவை. வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் கால் வேலி நிலமாவது வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை மகள் வாசித்துச் சொன்னபோது அவர் மனைவி ஏனோ தன் தம்பியை நினைத்துக்கொண்டார்.

வெளியே வந்தால் மேற்கே வானம் கறுத்திருந்தது. கார் ஒரு புளியமரத்தடியில் நின்றது. டீக்கடை அம்மா எட்டிப் பார்த்தார். “மரத்தடியிலயா உட்டு வெச்சிருக்கீங்க? காத்து அடிச்சிக் கிளை உழுந்தா வண்டி அப்பளம் ஆயிடும் தம்பி. வெட்டவெளியில கொண்டுபோய் உடுங்க.”

காற்றுக்கு அது சரியான யோசனைதான். அவர் காரை நெற்களத்து ஓரம் கொண்டுபோய் நிறுத்தினார். முதல் கல் பானெட்டில் விழுந்தபோது எந்தப் பையன் எறிந்தான் என்று சுற்றிப் பார்த்தார். இரண்டாவது கல் அவர் தலையிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு சந்தேகம் இல்லை.

களத்தில் ஒரு விவசாயி நெல் குவியலின் மேல் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார். “அண்ணே, அதுல ஓரமா கொஞ்சம்…” என்று கேட்டவருக்குப் பதில் உடனே வந்தது: “உங்க வண்டி நனைஞ்சா காஞ்சிடும் சார். என் நெல்லு நனைஞ்சா மொளைச்சிடும்.” பதில் சொல்ல முடியாமல் அவரும் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். அன்று சேதமில்லாமல் காப்பாற்றப்பட்ட ஒரே பொருள் அந்த நெல்தான்.

சித்திரையில் ஐஸ் எப்படி வரும் என்ற கேள்வியிலேயே பதில் இருக்கிறது. வெயில் அடிப்பதால்தான் வருகிறது. சூடேறிய காற்று வேகமாக மேலே எழும்பி இடிமேகமாகிறது. நம் வானத்தில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே கடும் குளிர். அங்கே மேலெழும் காற்று நீர்த்துளிகளைத் தாங்கிப் பிடித்து, உறைய வைத்து, பருக்க வைத்து, இனித் தாங்காது என்னும்போது கீழே விடுகிறது. இறங்குகிற வழியில் சூடான காற்றில் பெரும்பாலானவை கரைந்து வெறும் மழையாகிவிடும். அப்படிக் கரையாமல் தப்பியவைதான் பல்லாவரத்துக்காரரைத் தேடி வந்தவை.

பட்டாணி அளவுக் கல் காரை ஒன்றும் செய்யாது. இரண்டரை சென்டிமீட்டர், அதாவது நல்ல பெருநெல்லி அளவு வந்தால் தகரம் குழியத் தொடங்கும். அன்று விழுந்தது எந்த அளவு என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. அவர் எலுமிச்சை என்கிறார். டீக்கடை அம்மா பட்டாணி என்கிறார். அவர் அம்மா ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து, “ருசியே இல்லடா” என்றார்.

உலகக் கணக்கில் இதெல்லாம் தூசு. வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் 1986 ஏப்ரலில் விழுந்த ஒரு கல்லின் எடை 1.02 கிலோ. மொரதாபாத்தில் 1888 ஏப்ரல் 30 அன்று ஆலங்கட்டியால் 246 பேர் இறந்தார்கள். கார் வைத்திருப்பவர்களின் துக்கத்துக்கு 1984 ஜூலை 12-ஐச் சொல்லலாம். அன்று மூனிக் நகரில் ஏறக்குறைய 2 லட்சம் கார்கள் அடிபட்டன. சென்ற ஆண்டுகளில் 2025-ஐ மறக்க முடியாது. மே மாதம் டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன விமானத்துக்கே மூக்கு உடைந்தது; பத்திரமாக இறங்கியது. அதற்கு முந்தைய மாதம் இஸ்லாமாபாத்தில் கார்க் கண்ணாடிகள் நொறுங்கின. மறுபடியும் வரும் என்று எச்சரிக்கை வந்ததும் அந்த ஊர்க்காரர்கள் போர்வை, மெத்தை எல்லாவற்றையும் கொண்டுவந்து கார் மேல் போட்டார்கள். மனிதர்கள் அன்றிரவு எதில் படுத்தார்கள் என்று செய்திகளில் இல்லை.

ஆலங்கட்டியின் பெரிய வம்பு, குற்றம் செய்த கையோடு உருகிப் போய்விடுவது. மகள் மட்டும் ஒரு கல்லைப் பத்து ரூபாய் நாணயத்தின் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்திருந்தாள். மறுநாள் போனில் இன்சூரன்ஸ்காரர் கேட்ட முதல் கேள்வி: “சார், காஞ்சிபுரத்துலயா?”

சட்டப்படி கட்டாயமானது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டுமே. அது அடுத்தவருக்கு நாம் செய்யும் சேதத்துக்கு. வானம் நமக்குச் செய்யும் சேதத்துக்கு அல்ல. ஓன் டேமேஜ் சேர்ந்த பாலிசியில்தான் வெள்ளம், புயலோடு ஆலங்கட்டிக்கும் இடம் உண்டு. அவரிடம் அது இருந்தது. இருந்ததால்தான் தொல்லை. மாற்றும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம். ஐந்து வருடம் தாண்டிய காரின் தகரப் பாகத்தை மாற்றினால் 40 சதவீதம். பெயின்ட்டுக்குப் பாதி. கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. அவர் காரில் கண்ணாடி உடையவில்லை. இவ்வளவும் பொடி எழுத்தில் இருந்தது. “இதையும் அந்த மாதிரி கல்லுல வெட்டி வெச்சிருந்தா வாங்கும்போதே படிச்சிருப்பீங்கப்பா” என்றாள் மகள்.

சர்வேயர் உச்சி வெயிலில் வந்தார். கூரைச் சொட்டைகள் சாய்ந்த வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும். வெள்ளைக் கார், தலைக்கு நேரே சூரியன். அவர் தடவிப் பார்த்து, குனிந்து பார்த்து, பாதியை ஒப்புக்கொண்டார். மீதியை மாலையில் வந்து பார்க்கச் சொன்னதற்கு, மாலையில் அவருக்கு ஆம்பூரில் வேலை இருந்தது.

டிங்கரிங் கடையில் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, தட்டி, பட்டி வைத்து, முழுக் கூரைக்கும் பெயின்ட். இன்னொன்று, பெயின்ட்டைத் தொடாமல் உள்கூரைத் துணியைக் கழற்றிவிட்டு, வளைந்த கம்பியால் ஒவ்வொரு குழியையும் பின்னாலிருந்து நெம்பித் தள்ளுவது. பொறுமையான வேலை, அதற்கேற்ற கூலி. மூன்றாவது வழியை மைத்துனர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: ஹேர் டிரையரால் சுட வைத்து உடனே ஐஸ் வைத்தால் குழி தானே எழும்பிவிடுமாம். மனைவியின் ஹேர் டிரையர் புகைந்தது. குழி எழும்பவில்லை.

கடைசியில் கணக்குப் போட்டார். இதுவரை கிளெய்ம் எதுவும் செய்யாததால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி வந்துகொண்டிருந்தது. இப்போது பணம் வாங்கினால் அடுத்த புதுப்பித்தலில் அது பூஜ்யம். மறுபடி 20 சதவீதத்திலிருந்து ஆரம்பித்து 50-க்கு ஏற ஐந்து வருடம். கட்டாயக் கழிவு ஆயிரம், தேய்மானம், சர்வேயர் கண்ணுக்குத் தெரியாத சொட்டைகள் எல்லாம் போகக் கையில் வருவது, தள்ளுபடியில் போவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அவர் கிளெய்மைத் திரும்பப் பெற்றார்.

அம்மாவுக்கு அதில் பரம திருப்தி. கார் வாங்கிய நாளிலிருந்து அமாவாசைதோறும் பூசணிக்காய் உடைத்து வருபவர் அவர். “இத்தனை பொட்டு மேலேயே வெச்சாச்சு. இனிமே எவன் கண்ணு படப் போகுது?” என்று சொல்லி, அந்த மாதப் பூசணிக்காயைக் கூட்டு வைத்துவிட்டார்.