புயலுக்குப் பெயர் சூட்டும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம்

வட இந்தியப் பெருங்கடலில் ஜனிக்கும் புயல்களுக்கு நாமகரணம் செய்விக்கும் 13 தேசத்துப் பெரியோர்களுக்கு, கள்ளக்குறிச்சி ஜில்லாவாசி ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

2020ஆம் ஆண்டில் தாங்கள் வெளியிட்ட 169 பெயர்கள் கொண்ட ஜாபிதாவைச் சிரத்தையுடன் படித்திருக்கிறேன். தேசத்துக்கு 13 பெயராகப் பாரபட்சமின்றிப் பங்கிட்டு, பெயரானது அரசியலையோ மதத்தையோ தொடலாகாது, எவர் மனத்தையும் புண்படுத்தலாகாது, செவிக்குக் குரூரமாக ஒலிக்கலாகாது என்றெல்லாம் தாங்கள் விதித்திருக்கும் நியமங்களைக் கண்டு, இத்தனை இங்கிதம் தெரிந்த ஒரு சபை இந்தப் பூலோகத்தில் இருக்கிறதே என்று பூரித்துப் போனேன். மழையை அபூர்வமாகவே காணும் சவூதி அரேபியா உபயமளித்த ‘ஃபெஞ்சல்’ என்ற திருநாமம் இந்த நியமங்களில் ஒன்றையும் மீறவில்லை. பெயர்மீது எனக்குப் புகார் கிடையாது. பெயரைத் தாங்கி வந்தவர் மீதுதான்.

2024 நவம்பர் 30 சனிக்கிழமையையும் மறுநாள் ஞாயிற்றையும் கல்வராயன் மலையில் கழிப்பதென்று எங்கள் குடும்பத்தில் தீர்மானமாகியிருந்தது. புயல் என்பது கடற்கரைக்காரர்களின் விவகாரம் என்பது உள்நாட்டுவாசிகளான எங்கள் பரம்பரை நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் செய்துவரும் உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. சென்னையில் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், சாலைகளில் தண்ணீர் நிற்கிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் சேதி வந்துகொண்டிருந்த அந்த வேளையில், சமுத்திரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையேறிக்கொண்டிருந்த எங்களுக்கு, தலைநகரத்துக்காக அனுதாபப்படுவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

பெரியார் நீர்வீழ்ச்சியில் ஸ்நானம் செய்யப் போன எங்களை, நீர்வீழ்ச்சியே சாலைவரை வந்து எதிர்கொண்டது. வழக்கமாகப் பாறையில் வெள்ளிக் கம்பியாய் இறங்கும் ஜலம், செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு, முறிந்த கிளைகளையும் யாரோ கரையில் விட்டுப்போன ஒற்றைச் செருப்பையும் சுழற்றியபடி இரைந்தது. மேகம் என்ற இன்னோர் அருவியைக் காணப் புறப்படுவதற்குள், மேகமே ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து தங்கிவிட்டது. கரண்ட் போயிற்று, டவர் போயிற்று, கீழே இறங்கும் பாதையில் மரம் சாய்ந்து கிடக்கிறதென்று சேதி வந்தது.

வெள்ளிமலையில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவரிடம், என் விடுமுறைக்கு நேர்ந்த அநியாயத்தை விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். அவர் அவித்த மரவள்ளிக் கிழங்கை ஆவி பறக்கக் காகிதத்தில் வைத்து நீட்டியபடி, “மழைன்னா ரோடு போறதும் கரண்டு போறதும் வாடிக்கைதானுங்க சாமி. நீங்க ரெண்டு நாளைக்குப் பாக்குறீங்க” என்றார். இதில் பரிகாசம் இருந்ததா என்று அப்போது நிச்சயிக்க முடியவில்லை, கிழங்கு நன்றாயிருந்தது.

இனி என் புகாரின் மையத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய தங்கள் ஃபெஞ்சல், ஞாயிறு பகலில் வலுவிழந்துவிட்டதாக, அதாவது புயல் என்ற பதவியிலிருந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகக் கீழிறக்கப்பட்டதாக, அறிவிப்பு வந்தது. தலைநகரம் பெருமூச்சு விட்டது. ஆனால் உத்தியோகத்திலிருந்த காலத்தைவிட ஓய்வு பெற்ற பின்பே ஊரைப் படாதபாடு படுத்தும் பழைய தாசில்தாரைப் போல, அவர் பதவியிழந்த பிறகுதான் தம் முழுச் சாமர்த்தியத்தையும் காட்டினார். திங்கள் காலைக்குள் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், விழுப்புரத்தில் 42 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து அன்று அதிகாலை விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரைபுரண்டது. அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையிலும், விக்கிரவாண்டி அருகே ரயில் பாலத்திலும் போக்குவரத்து ஸ்தம்பித்தது. திருவண்ணாமலையில் மண்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதைப் பற்றிப் பகடி பேச என் பேனா துணியாது.

இதற்குத் தாங்கள் பொறுப்பல்ல. காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் பெயர். அதற்குக் கீழே இறங்கினால் பதவி இல்லை என்பது சாஸ்திரம். மழை எவ்வளவு பெய்யும் என்பது அந்த சாஸ்திரத்தில் ஒரு பொருட்டே அல்ல. கடலில் கப்பலோட்டுகிறவனுக்குக் காற்றுதான் முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மலையடிவாரத்தில் குடிசை போட்டிருப்பவன் கப்பலோட்டுவதில்லை.

ஆகவே, ‘வலுவிழந்தது’ என்று அறிவிக்கும் தினத்தன்று, இன்ன மலையில், இன்ன ஆற்றில் இன்னும் இவ்வளவு மழை பாக்கியிருக்கிறது என்பதையும் அதே பெரிய எழுத்தில் போடும்படி தங்கள் அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன். மலைக்காரர்களுக்கு அதற்கும் முன்னதாக வேண்டியது, மழைக்குக் கரையாத ஒரு சாலை. நோயாளியை டோலி கட்டித் தூக்க வேண்டாத ஒரு சாலை. அது தங்கள் இலாகா அல்ல என்பதை அறிவேன். ஜாகீர்தார்களிடமிருந்து 1976இல் மலை சர்க்காரின் கைக்கு வந்த நாள் முதல், அது எவருடைய இலாகா என்று மலைக்காரர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் மலைக்காரர்களின் நிலை குறித்துத் தானாகவே முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. அது எவருடைய இலாகா என்பது தங்களுக்கு எப்போதாவது தெரியவருமானால், இக்கடிதத்தின் நகல் ஒன்றை அந்த முகவரிக்கு அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
கள்ளக்குறிச்சி ஜில்லாவாசி