பர்னர் பிரகஸ்பதி

வீட்டிலேயே பியர் காய்ச்சும் அமெரிக்கரிடம் போய், "பியர் எப்படி வந்திருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்லை" என்று முடித்துக்கொள்வார். "என்ன பர்னர் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கராஜுக்குள் போய் மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துவந்து போடுவார். அதில் உட்கார்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

டென்வரின் புறநகர்த் தெருக்களில் சனிக்கிழமை காலை நடந்தால் இவரைப் பார்க்காமல் வீடு திரும்ப முடியாது. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். தாடி உண்டு, அதற்குத் தனி எண்ணெயும் உண்டு. பனி கொட்டினாலும் அரை டிராயர்தான். பனியனில், என்றோ போய்வந்த பியர் ஆலையின் பெயர் பாதி அழிந்து கிடக்கும். டிராயர் பையில் தெர்மாமீட்டர். வாரத்தில் ஐந்து நாள் ஏதோ ஒரு ஆபீசில் எக்செல் தாளோடு மல்லுக்கட்டுகிறவர், ஆறாம் நாள் விடுதலை கிடைத்ததும் ஆசையாக இன்னொரு எக்செல் தாளைத் திறக்கிறார். அதன் தலைப்பு: 'பர்னர் ஒப்பீடு, புதியது, கடைசி, 4'.

சட்டம் முழுக்க அவர் பக்கம். 1933-இல் மதுவிலக்கு ஒழிந்தபோது வீட்டில் வைன் போட்டுக்கொள்ள வழி கிடைத்தது, பியருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. வீட்டில் பெரியவர் ஒருவர் என்றால் வருஷத்துக்கு 100 கேலன், இருவர் அல்லது அதற்கு மேல் என்றால் 200 கேலன், வரி கிடையாது, விற்கக் கூடாது. 200 கேலன் என்பது 750 லிட்டருக்கும் மேல். நம்மூரில் இதில் ஒரு குடம் போட்டால்கூட மறுநாள் பேப்பரில் 'ஊறல் அழிப்பு' என்று செய்தி வரும். போட்டோவில் நாம் தலையைக் குனிந்துகொண்டு நிற்போம். இங்கே அரசாங்கமே போய்க் காய்ச்சு என்று விட்டுவிட்டது. ஆனாலும் நம் பிரகஸ்பதி அந்த ஒதுக்கீட்டில் பாதியைக்கூடத் தொட்டதில்லை. பர்னர் இன்னும் முடிவாகவில்லையே!

அவர் வாழும் மண்ணும் அப்படி. பக்கத்து ஊர் போல்டரில்தான் சார்லி பப்பாசியன், 1978-இல் அமெரிக்க வீட்டு பியர்க்காரர்கள் சங்கத்தைத் தொடங்கினார். அவர் படித்தது அணுப் பொறியியல். 1984-இல் அவர் எழுதி வெளிவந்த புத்தகம்தான் இந்தக் கூட்டத்துக்கு வேதம். பதற்றப்படாதே, நிதானமாக இரு என்பதுதான் அந்த மனிதரின் மொத்த உபதேசமும். பிரகஸ்பதியிடம் புத்தகம் இரண்டு பிரதி இருக்கிறது. உபதேசத்தைத்தான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

டென்வரில் இன்னொரு முன்னுதாரணமும் உண்டு. ஜான் ஹிக்கன்லூப்பர் என்ற நிலவியலாளர் வேலை போனபின், 1988-இல் கூட்டாளிகளோடு சேர்ந்து பியர் காய்ச்சி விற்கும் உணவகம் திறந்தார். பிறகு டென்வர் மேயர், கொலராடோ கவர்னர், இப்போது செனட்டர். "பியர் ஒரு மனுஷனை எங்கே கொண்டுபோய் விடும் தெரியுமா?" என்று பிரகஸ்பதி தன் மனைவியிடம் இந்தக் கதையை அடிக்கடி சொல்வார்.

"தெரியுமே ஹனி. உன்னைக் கராஜ்ல கொண்டுபோய் விட்டிருக்கு."

கராஜுக்குப் போனதே தனிக் கதை. முதலில் சமையலறையில்தான் ஆரம்பித்தார். டப்பாவில் வரும் மால்ட் பாகை வாங்கி, இரண்டு மூன்று கேலன் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, மீதியைப் பச்சைத்தண்ணீர் விட்டு நிரப்புவது. அதற்கு வீட்டு அடுப்பே போதும். அத்தோடு நின்றிருந்தால் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் யாரோ ஒரு சகா, "டப்பா பாகா? ஓ..." என்று இழுத்துவிட்டான். அன்றோடு டப்பா ஒழிந்தது. முளைகட்டி உலர்த்திய பார்லியைத் தானே உடைத்து, 67 டிகிரி வெந்நீரில் ஊறப்போட்டு, இனிப்புச் சாறு இறக்கும் முழுநீள வழிக்கு மாறினார். 5 கேலன் பியர் வேண்டுமென்றால் இப்போது ஏறக்குறைய 7 கேலன் சாற்றைக் கொதிக்கவைக்க வேண்டும். அதாவது 26 லிட்டர். வீட்டு அடுப்பின் பர்னர் ஒன்பதாயிரம் முதல் பதினைந்தாயிரம் பிடியூ. அதன் மேல் அண்டாவை ஏற்றினார். ஒரு மணி நேரம் கழித்து ஓரத்தில் நாலு குமிழி வந்தது. பிறகு எல்லாம் ஒரேயடியாக வந்தது. அடுப்பு, தரை, அலமாரி இடுக்கு வரை வந்தது. சர்க்கரைப் பாகு கருகி அடுப்போடு ஒட்டிக்கொண்ட அன்றைக்கே அவருக்கு வீட்டை விட்டு வெளியேற உத்தரவு கிடைத்தது.

பிடியூ என்றால் என்ன என்று ஒரு வார்த்தை: ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி பாரன்ஹீட் சூடாக்கத் தேவையான வெப்பம். பர்னருக்குச் சொல்லும்போது அது மணிக்கணக்கு. இதைத் தெரிந்துகொண்டது வரைக்கும் சரி, இதைத் தெரிந்துகொண்டபின்தான் அவர் கெட்டுப்போனார்.

வெளியே வந்தவர் முதலில் வாங்கியது வான்கோழி பொரிக்கும் அடுப்பு. நவம்பர் நான்காம் வியாழன், தேங்க்ஸ்கிவிங் அன்று முழு வான்கோழியைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கிப் பொரிப்பது இந்நாட்டில் ஒரு வீர விளையாட்டு. பண்டிகை முடிந்ததும் அந்த அடுப்பும் 30 குவார்ட் அலுமினிய அண்டாவும் சேர்ந்தே மலிவு விலைக்கு வந்துவிடும். ஐம்பது அறுபதாயிரம் பிடியூ. உள்ளதைச் சொன்னால் அவர் தேடல் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அடுப்பில் ஒரு பாதுகாப்பு டைமர் உண்டு. பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை குமிழைத் திருகாவிட்டால் அணைந்துவிடும். எண்ணெய் அடுப்பை மறந்துவிட்டு ஃபுட்பால் பார்க்கப் போகிறவர்களுக்காக வைத்தது. பியருக்கோ அறுபது நிமிஷக் கொதி. ஹாப்ஸ் பூவின் கசப்பு இறங்க வேண்டும், புரதம் திரிந்து பிரிய வேண்டும், வேகவைத்த சோள வாடை ஆவியோடு போக வேண்டும். வெளிர்நிற பில்ஸ்னர் மால்ட் என்றால் தொண்ணூறு நிமிஷம். டெலிவரிப் பையனிடம் கையெழுத்துப் போடப் போய்விட்டு வந்தால் அடுப்பு செத்துக் கிடக்கும். "இது என்னை நம்பவில்லை" என்று மனசு புண்பட்டு அதை ஓரங்கட்டினார்.

அப்புறம் ஆரம்பித்ததுதான் ஆராய்ச்சி. வார்ப்பிரும்பு வட்ட பர்னர், குறைந்த அழுத்தத்தில் எரிவது, சத்தம் இல்லை. பத்து அங்குல அகலத்தில் பான்ஜோ பர்னர், இரண்டு லட்சம் பிடியூவுக்கும் மேல் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஒற்றை மூக்கு ஜெட் பர்னர், அதைப் பற்றவைத்தால் மீனம்பாக்கத்தில் ஓடுபாதை ஓரம் குடியிருப்பது மாதிரி. சீனச் சமையலறைகளில் இருப்பதுபோல் இருபத்துச் சொச்சம் மூக்கு வைத்தது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ரெகுலேட்டர் வேறு, காற்றுத் துவாரம் வேறு, கால் உயரம் வேறு. சுடருக்கும் அண்டா அடிக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்பதில் அவருக்கும் அவர் சகாக்களுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

சரி, ஏன் இவ்வளவு பெரிசு என்று கேட்டால் பதில் தயார். டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம். இங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடு குறைந்தால் ஹாப்ஸ் கசப்பு மெதுவாகத்தான் இறங்கும். காற்றும் மெலிசு, உயரம் ஆயிரம் அடி கூடக் கூட கேஸ் அடுப்பின் பலத்தில் 4 சதவீதம் தள்ளிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. ஆகவே, என்கிறார், பெரிய பர்னர் ஆசைக்கு வாங்குவது இல்லை, பூகோளத்துக்கு வாங்குவது. இதில் ஒவ்வொரு வரியும் உண்மை என்பதுதான் எரிச்சல். கேட்டுக்கொண்டு நிற்கிற நமக்கே ஒன்று வாங்கிவிடலாமா என்று தோன்றிவிடும்.

சனிக்கிழமைகளில் அவர் அடுப்பைப் பற்றவைத்தால் பியர் காய்ச்சுகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் வெந்நீர்தான் வைக்கிறார். 7 கேலன் குழாய்த் தண்ணீர், ஒரு கையில் தெர்மாமீட்டர், ஒரு கையில் ஸ்டாப்வாட்ச். ரப்பர் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்க்கிறார். சுடர் மஞ்சளாக எரிந்தால் முகம் சுருங்குகிறது. அண்டா அடியில் கரி பிடித்துவிடும். மண்டியிட்டு, காற்றுத் துவாரத்தின் தகட்டை நகத்தால் ஒரு நூல் திருப்புகிறார். மஞ்சள் நுனி உள்வாங்கி நீலமானதும், பரீட்சையில் பிள்ளை பாஸான தகப்பன் போல நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார். தண்ணீர் கொதித்ததும் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். பிறகு அவ்வளவு வெந்நீரையும் சாக்கடையில் கொட்டுகிறார். நாய் கூட்டிக்கொண்டு போகிற பக்கத்து வீட்டம்மாள், "இன்னிக்கு என்ன பியர்?" என்று கேட்பாள். "தண்ணி" என்று சொல்வதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். அவரிடம் அது இருக்கிறது.

பான்ஜோ வந்த அன்று நிஜமாகவே காய்ச்சினார். ரெகுலேட்டரை முழுக்கத் திறந்தார். பேப்பர் படிப்பவர்கூட எழுந்து பார்க்கிற சத்தம். சாறு கொதிக்கப் போகும் தறுவாயில் ஒரு காரியம் நடக்கும்: மேலே பழுப்பு நுரை தோல் மாதிரி இறுகும், நடுவில் ஒரு மடிப்பு விழும், மடிப்பு விழுந்த கணத்திலிருந்து விளிம்புக்கு வர அதற்குச் சில வினாடிகள் போதும். அந்தச் சில வினாடிகளில் பிரகஸ்பதி, பர்னர் சம்பந்தமாக ஒரு நண்பர் கேட்ட சந்தேகத்துக்கு போனில் பதில் தட்டிக்கொண்டிருந்தார். நுரை வழிந்து, சுடர் ஆரஞ்சாகி, உஸ்ஸென்று அணைந்து, சிமென்ட் வாசல் முழுக்கப் பாகு ஓடியது. குளவிகள் வந்தன. "பவர் பார்த்தியா?" என்றார் மனைவியிடம், முகமெல்லாம் பூரிப்பாக.

அவருடைய எக்செல் தாளிலேயே இருக்கும் ஒரு கணக்கை அவர் மட்டும் கூட்டிப் பார்ப்பதில்லை. சாறு கொதிநிலைக்கு வரும்வரைதான் பெரிய பர்னருக்கு வேலை. சின்னதோடு பார்த்தால் பத்து நிமிஷம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். கொதி வந்தபின் மணிக்கு ஒரு கேலன் ஆவியாகிற அளவு தளதளவென்று கொதித்தால் போதும். அதற்குச் சாற்றில் போய்ச் சேர வேண்டிய சூடு சுமார் எட்டாயிரம் பிடியூ. அண்டாவின் உடம்பு வழியாகப் போகிற சேதாரத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, இரண்டு லட்சம் பிடியூ என்று வாங்கியதைப் பற்றவைத்த சிறிது நேரத்திலேயே குமிழைச் சுருக்கிச் சுருக்கி, அணையாத அளவுக்கு வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காவல் நிற்கிறார். முழு வீச்சில் விட்டாலோ, 20 பவுண்டு சிலிண்டரில் உள்ளது மொத்தமே நான்கு லட்சத்துச் சொச்சம் பிடியூதான். இரண்டு மணி நேரத்தில் காலி. நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் இதைவிடப் பெரிசு என்பது தெரிந்தால் அவர் நம்மை வேறு மரியாதையோடு பார்க்கக்கூடும். கேஸ் வேகமாக ஆவியாகும்போது சிலிண்டர் தன் சூட்டையே இழந்து, வெளிப்புறம் உறைபனி படிந்து, அழுத்தம் இறங்கி, சுடர் சோர்ந்துவிடும். ஜூலை வெயிலில் சிலிண்டருக்கு வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டி வைத்து உபசரிக்கும் மனிதரைக் கொலராடோவில்தான் பார்க்கலாம்.

இவருக்கு உலகத்தில் ஒரே விரோதி மூன்று வீடு தள்ளி இருக்கிறார். அவர் மின்சாரக்காரர். 240 வோல்ட், 5,500 வாட், அண்டாவுக்குள்ளேயே மூழ்கியிருக்கும் கம்பிச்சுருள். பிடியூவில் பத்தொன்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. சத்தம் கிடையாது, காற்று அடித்தாலும் கவலை கிடையாது, சூடு முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே போகிறது. கேஸ் சுடரின் சூட்டில் பாதிக்கு மேல் அண்டாவைச் சுற்றிக்கொண்டு ஆகாசத்துக்குப் போவதால், அந்தப் பத்தொன்பதாயிரமும் வான்கோழி அடுப்பின் அறுபதாயிரமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கொதிக்கவைக்கும். இதைச் சொன்னால் பிரகஸ்பதி பதில் சொல்வதில்லை. "அதுல நெருப்பு எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்கிறார். வெந்நீர்ச் சனிக்கிழமைகளுக்கெல்லாம் அவரிடமிருந்து வந்த நேர்மையான விளக்கம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கணக்குப் போடுகிறவர் மாதிரி தெரிந்தாலும், மனிதர் வந்தது தீ பார்க்க.

பியரைப் பற்றிச் சொல்லவே இல்லையே என்பீர்கள். குடித்துப் பார்த்தவர்கள் நன்றாகவே இருக்கிறது என்கிறார்கள். வான்கோழி அடுப்பில் காய்ச்சியபோதும் இப்படித்தான் இருந்தது என்று ஒருவர் சொன்னார். அவரை அப்புறம் கூப்பிடுவதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் வாசகர் யாருக்காவது இந்த ஆசை வந்திருந்தால், விஷயம் இவ்வளவுதான்: 5 கேலன் பியருக்கு அறுபதாயிரம் பிடியூ தாராளம். கால் அகலமாக, குட்டையாக இருக்கும் ஸ்டாண்டாகப் பார்த்து வாங்குங்கள். 26 லிட்டர் கொதிக்கும் சாறு ஆடக் கூடாது. மழையோ பனியோ, கராஜுக்குள் மட்டும் பற்றவைக்காதீர்கள். புரொபேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. கதவைப் பாதி திறந்து வைத்திருக்கிறேன் என்கிற சமாதானமெல்லாம் வேண்டாம், வானம் தெரிகிற இடத்தில் வையுங்கள். இது சரிதானா என்று பிரகஸ்பதியிடம் போய் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டாம். நாற்காலி போட்டுவிடுவார்.