உன் கதையை யாரப்பு கேட்டா?

வா அப்பு, உக்காரு. நீல் தீவுல நாலு ரூம் கட்டிட்டியாமே? (ஷகீத் தீவுன்னு பேரு மாத்தியாச்சு, என் நாக்குதான் மாறல.) வட்ட விளக்கு வாங்கிட்ட, மைக்கு வாங்கிட்ட, "எங்கள் கதை"ன்னு எழுத ஆளும் புடிச்சுட்ட. ரூமுக்குக் கதவு மாட்டியாச்சா?

நான் ராமநாதபுரத்துக்காரன். மெட்ராஸ்ல கப்பலேறி மூணு நாள் வாந்தி எடுத்து இந்தக் கரைக்கு வந்தவன். அபர்தீன் பஜார்ல வெத்தலைக் கடை போடுறதுக்கு முன்னால, மணிக்கூண்டுப் பக்கம் ஒரு மாசம் சும்மா நின்னேன். வங்காளிக்காரரு என்ன கேக்குறாரு, தெலுங்குக்காரரு எதுக்கு மூஞ்சியைச் சுளிக்கிறாரு, ராஞ்சிக்காரரு கையில என்னைக்குக் காசு இருக்கும்? எல்லாம் காதுல விழுந்துச்சு. இந்தியும் அங்கதான் ஒட்டிக்கிச்சு. அப்புறந்தான் பலகை மாட்டினேன்.

அன்னைக்கு இங்க இன்டர்நெட்டுன்னா சாட்டிலைட்டு. ஒரு போட்டோ எறங்கறதுக்குள்ள டீயைக் குடிச்சு கிளாஸையும் கழுவி வச்சுருவேன். 2020 ஆகஸ்டுல சென்னையிலேருந்து கடலுக்கடியில கேபிள் வந்துச்சு, மொத்தம் 2,300 கிலோமீட்டராம். அன்னையிலேருந்து எல்லாருக்கும் வாய் நீண்டுருச்சு. காது பழைய அளவுதான்.

போன வாரம் பேத்தி போனைக் காட்டினா. அந்தமான் வர்றவங்க கூடிப் பேசுற குழுவாம். கோயம்புத்தூர்ப் பொண்ணு ஒண்ணு கேக்குது: "டிசம்பர்ல ராதாநகர் கடற்கரையில சூரியன் மறையறதைப் பாக்க ஆறு மணிக்குப் போனா சரியா?"

ஆறு மணிக்கா? கும்மிருட்டுல நண்டைத்தான் பாக்கலாம். நாம கெடக்குறது கிழக்குக் கோடி, கடிகாரமோ டெல்லிக்கும் நமக்கும் ஒண்ணு. டிசம்பர்ல அஞ்சுக்கெல்லாம் பொழுது சாஞ்சுரும். இதைச் சொல்ல ஆளில்ல. வரிசையா கடைக்காரங்க "எங்க பேக்கேஜைப் பாருங்க"ன்னு நம்பர் போட்டிருக்காங்க. நீயும் இருந்த அப்பு. ரெண்டு தடவை. பூப்படம் வேற.

"நாலரைக்கு முன்னாலயே போயிருங்கம்மா, நான் நீல்ல ரூம் வச்சிருக்கிறவன்தான்." இவ்வளவுதானே? காசா, பணமா? கரையில பொறுக்குன பவளத்தைப் பையில போட்டுக்கலாமான்னு ஒருத்தர் கேக்குறாரு. கூடாது, வனவிலங்குச் சட்டத்துல குத்தம்னு சொல்லேன். மழைக்காலத்துல கப்பல் நின்னாலும் நின்னுரும், விமானத்துக்கு முந்துன நாளே போர்ட் பிளேர் (இப்ப ஸ்ரீ விஜயபுரம்) திரும்பிருங்கன்னு சொல்லேன். உனக்கு ஒருநாள் வாடகை போகும். போகட்டுமே, அடுத்த தடவை எங்க தங்கறதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?

"அங்க தங்கினோம், சொர்க்கம்"னு உன் ரூமைப் பத்தி ஒரு அம்மா அதே குழுவுல எழுதியிருந்துச்சு. பேரைப் பாத்தா உங்காத்தா. நீல்ல உள்ள தமிழ் வீடெல்லாம் எனக்குத் தெரியாதா அப்பு? உங்காத்தாவுக்குப் போன்ல எழுதத் தெரியும்னு யாரு நம்புவா?

வட்ட விளக்கை என்ன பண்றதா? கரண்டு போனாலும் எரியுமா? அப்ப இங்க குடு. வெத்தலைக் காம்பு கிள்ள வெளிச்சம் பத்தல.