ரத்தக்காட்டேரிச் சட்டத்தில் ஓர் ஓட்டை

பேய்ப்படத்தை எடைபோட நான் முதலில் கேட்பது, அந்தப் பேயை எந்த விதி கட்டுப்படுத்துகிறது என்பதைத்தான். விதி தெரியாதவரை திடுக்கிடல்தான் வரும், பயம் வராது. ரத்தக்காட்டேரிகளுக்கான விதிகளில் தலையாயது, வெயில் பட்டால் சாவு. இதை ஆதிகாலத்து நம்பிக்கை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்கிறான். சூரியனே அவனைக் கொல்லும் என்று தீர்ப்பு எழுதியது சினிமா. 1922இல் முர்னாவ் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’.

80 ஆண்டு கழித்து, 2002இல், அந்தச் சட்டத்தின் ஓட்டைக்குள் ஒரு காமிக்ஸ் புகுந்தது. எழுதியவர் ஸ்டீவ் நைல்ஸ், வரைந்தவர் பென் டெம்பிள்ஸ்மித். அலாஸ்காவின் வடகோடியில், அப்போது பாரோ எனப்பட்ட ஊர். குளிர்காலத்தில் அங்கே சூரியன் உதிப்பதில்லை. 30 நாளும் இரவென்றால் காட்டேரிக்கு என்ன தடை? இதைவிடச் சுத்தமான திகில் கருவை நான் அறியேன். நைல்ஸ் சினிமாவாக்கவும் முயன்று பார்த்த கதை இது. எடுக்க ஆள் கிடைக்காமல் காமிக்ஸானது. 2007இல் டேவிட் ஸ்லேடு இயக்கி ‘30 டேஸ் ஆஃப் நைட்’ என்று திரைக்கு வந்தது.

ஓரிடத்தில் படம் காமிக்ஸை மிஞ்சுகிறது. டெம்பிள்ஸ்மித்தின் பக்கங்களில் கறுப்பும் சிவப்பும் வழிந்து, எது தெரு எது வீடு என்று பிடிபடாது. படம் ஊரையே நம் தலைக்குள் ஏற்றிவிடுகிறது. தாக்குதல் தொடங்கியதும் கேமரா நேர் மேலே ஏறிப் பனித் தெரு நெடுகப் போகிறது: இழுத்து வரப்படுபவர்கள், சுட்டுக்கொண்டே ஓடுபவர்கள், வெள்ளையில் பரவும் சிவப்புத் திட்டுகள். கிட்டப் போகாமல் காட்டுவதாலேயே அந்தக் காட்சி உறைய வைக்கிறது. டேனி ஹூஸ்டன் தலைமையில் வரும் காட்டேரிகளிடம் அழகும் இல்லை, காதலும் இல்லை. நமக்குப் புரியாத மொழியில் பேசிக்கொண்டு இரை தேடுகின்றன. அதற்கே இயக்குநருக்கு ஒரு கும்பிடு.

கோட்டைவிட்டது காலத்தை. திருவண்ணாமலைக்காரனுக்கு இரவின் நீளம் காலால் தெரியும். பௌர்ணமி கிரிவலம் 14 கிலோமீட்டர். இந்திர லிங்கத்தருகே சிரித்துப் பேசிக்கொண்டு வரும் கூட்டம் நிருதி லிங்கத்தில் பேச்சைக் குறைக்கும், வாயு லிங்கத்தில் ஓரமாக உட்கார்ந்து பாதத்தைப் பிசையும், குபேர லிங்கத்தில், “இன்னும் எவ்வளவு தூரம்ங்க?” என்று எதிரில் வருபவரையெல்லாம் கேட்கும். படமோ நாள் எண்ணைத் திரையில் எழுதிவிட்டுத் தாவுகிறது. காட்டேரிகளுக்குப் பயந்து பரணில் ஒளிந்த ஊர்க்காரர்களின் பசி, தூக்கமின்மை, ஒருவர் முகம் ஒருவருக்கு அலுத்துப்போவது எல்லாம் அந்த இடைவெளிகளில் விழுந்துவிட்டன. உண்மையான பாரோவில் நவம்பர் நடுவில் மறையும் சூரியன் ஜனவரி பிற்பகுதியில்தான் தலைகாட்டும். ஏறக்குறைய 65 நாள். நடுப்பகலில் சில மணி நேரம் அந்தி வெளிச்சம் மட்டும் கசியும். கொல்லத் திராணியில்லாத அந்த வெளிச்சத்தில் காட்டேரியை நிறுத்தியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! காமிக்ஸுக்கும் தோன்றவில்லை, படத்துக்கும் தோன்றவில்லை.

நம் பக்கத்துப் பேய்களுக்கு இந்த ஓட்டையே வேண்டாம். உச்சிவெயிலில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று அதட்டி வளர்க்கப்பட்டவர்கள் நாம். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை நடப்பது பகலில். தானியமும் காய்கறியும் நாணயமும் சுடுகாட்டில் வாரி இறைக்கப்படும். ஆகவே சூரியனைக் காவலாக நம்ப, தமிழ் ரசிகன் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது.

முடிவுக் காட்சி அந்த நம்பிக்கையை ஊட்டிவிடுகிறது. ஊரைக் காக்கக் காட்டேரி ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்ட ஷெரிஃப், மனைவியின் அணைப்பில் முதல் விடியலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். ஊரே காத்துக் கிடந்த வெளிச்சம் அவனைச் சாம்பலாக்குகிறது. காப்பாற்றியவனுக்காகக்கூட விதி வளையவில்லை. படத்தின் மற்ற குறைகளை நான் மன்னிப்பது இந்த நேர்மைக்காக.

2010இல் வந்த அடுத்த பாகம் கதையை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுபோனது. அங்கே தினமும் பொழுது விடிகிறது. ஓட்டை அடைபட்டு, வெறும் வேட்டைப் படமாகிவிட்டது.