கடலோரத்தில் பயிற்சி நடத்துவது எப்படி?

மீனவர்களுக்குக் கடல் பாதுகாப்புப் பயிற்சி நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிட்டதா? கவலை வேண்டாம். நீங்கள் படகில் கால் வைத்ததே இல்லை என்பது இதற்கு ஒரு தடையே அல்ல.

முதலில் தேதி. குமரி மாவட்டத்து மேற்குக் கரையையே எடுத்துக்கொள்வோம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் வலையைச் சரிபார்த்துக்கொண்டு கரையில்தான் இருப்பார்கள். ஞாயிறு என்றால் பூசை நாள், பல ஊர்களில் யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆகவே இரண்டையும் கவனமாகத் தவிர்த்துவிடுங்கள். மார்ச் கடைசி வாரத்துப் புதன்கிழமைதான் உத்தமம். ஒதுக்கிய பணம் 31ஆம் தேதிக்குள் தீர்ந்தாக வேண்டும். மீனுக்கா தெரியும் நிதியாண்டு?

ஆள் வருமா? வரும். பங்குத்தந்தையிடம் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்யுங்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் ஆட்களை எதிர்பார்க்காதீர்கள். சுறாவுக்கும் சூரைக்கும் போனவர்கள் திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். மகளிர் குழுவினரும் கடலை விட்டு ஒதுங்கிய தாத்தாக்களும் நாற்காலிகளை நிரப்பிவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் எல்லாரும் மீனவர்தான்.

பாடத்தை 'அலை என்றால் என்ன' என்பதிலிருந்து தொடங்குங்கள். முன்வரிசைத் தாத்தா நாற்பது வருஷம் தொழில் பார்த்தவராக இருப்பார். தூண்டில் கயிறு சாய்வதை வைத்தே நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்வார்; வாடையா கச்சானா என்று காற்று கன்னத்தில் பட்டதும் சொல்வார். அவரிடம் எதையும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் நீங்கள் குறிப்பெடுக்க வேண்டிவரும்.

அடுத்தது புயல் கூண்டு. 10ஆம் எண் என்றால் பேரபாயம், 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று ஒப்பிக்க வையுங்கள். துறைமுகக் கம்பத்தில் ஏற்றுகிற கூண்டு, நடுக்கடலில் கிடக்கிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், "நல்ல கேள்வி" என்று பாராட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள்.

இந்த இடத்தில் ஒக்கிப் புயல் பேச்சு வரும். வராமல் இருக்காது. 2017 நவம்பர் 29இல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் முற்பகலிலேயே குமரிக்கடலில் புயலாகிவிட்டது. 'கடலுக்குப் போகாதீர்கள்' என்ற அறிவிப்பு, ஏற்கெனவே வாரக்கணக்கில் கடலில் இருந்தவர்களுக்கு என்ன சொல்லும்? படகிலுள்ள வி.எச்.எஃப். வயர்லெஸ் இருபது கடல் மைல் தாண்டுவதே பெரும்பாடு. இதற்காகத்தான் செயற்கைக்கோள் வழியாக இரு பக்கமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் வந்திருக்கிறது. அதைக் கட்டாயம் விளக்குங்கள்: படத்தில். கருவியைக் கொண்டுவந்தால் ஆளுக்கு ஆள் தொட்டுப் பார்ப்பார்கள், நேரம் போய்விடும். ஆபத்தென்றால் 16ஆம் சேனலில் 'மேடே' என்று மூன்று தடவை சொல்ல வேண்டும், கடலோரக் காவல்படையை 1554இல் அழைக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச தூரத்திலேயே செல்போன் சிக்னல் செத்துவிடும் என்பதால் அந்த எண்ணைக் கரையிலிருக்கும்போதே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து, "மக்களே, எம் மவன் போயி இருவத்தி மூணு நாளாச்சு. இதயெல்லாம் அவனுக்கு எப்பிடிச் சொல்லுவிய?" என்பார். சரியாக அந்த நேரத்தில் டீ வர ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக லைஃப் ஜாக்கெட். வேலை நேரத்தில் பெரும்பாலானோர் அதைப் போட்டுக்கொள்வதில்லை. அலட்சியமும் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பருமனான ஜாக்கெட்டோடு குனிந்து வலை இழுத்துப் பார்த்தவருக்குத்தான் மீதிக் காரணம் தெரியும். வலை இழுக்கத் தோதாக அதைத் தைக்க முடியாதா என்று பேச ஆரம்பித்தால் சாயங்காலமாகிவிடும். எனவே நாற்பது பேருக்கும் போட்டுவிட்டு, பதாகை முழுசாகத் தெரியும்படி நிற்கவைத்துப் படம் எடுங்கள். எடுத்ததும் கழற்றி வாங்குங்கள்.

எண்ணினால் முப்பத்தொன்பதுதான் இருக்கும். பதற வேண்டாம். முன்வரிசைத் தாத்தா அதைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் திண்ணையில் படுத்திருப்பார். தூக்கம் கலையாமல் மெல்ல உருவிக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குப் பக்கத்து ஊரில் பயிற்சி இருக்கிறது.