எல்4-எல்5 வாழ்க!

கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் "எனக்கு எல்4-எல்5" என்று சொல்லிப் பாருங்கள். "எனக்கு எல்5-எஸ்1" என்று பதில் வரும். வெளியூரில் சொந்த ஊர்க்காரரைக் கண்ட மகிழ்ச்சி இருவர் முகத்திலும். அப்பளம் நொறுங்குவதற்குள் இரண்டு பேரும் இடுப்பு பெல்ட் எங்கே வாங்கினார்கள் என்பது வரை பேசி முடித்திருப்பார்கள்.

கீழ்முதுகில் டிஸ்க் தேய்ந்த இடத்தின் நம்பர் அது. இந்தப் பாக்கியத்தைப் பெறுவது சுலபம். கேஸ் சிலிண்டரைத் தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது என்று டாக்டரிடம் போங்கள். முதுகைத் தொட மாட்டார். காலை நீட்டித் தூக்கச் சொல்லிப் பார்க்க மாட்டார். வலி எங்கே ஆரம்பித்து எங்கே ஓடுகிறது என்று கேட்க அவருக்கு ஏது நேரம்? "ஸ்கேன் எடுத்துட்டு வாங்க." எங்கே எடுக்க வேண்டும் என்று சொல்ல மட்டும் நேரம் தாராளமாக இருக்கிறது, சீட்டிலேயே சென்டர் பெயர் அச்சாகியிருக்கும். வேறு இடத்தில் எடுத்துவந்தால் "கிளாரிட்டி இல்லை."

அந்தக் கிளாரிட்டி மாதக் கடைசியில் கவரில் வரும். நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் சொல்கின்றன. விதி சௌக்கியமாக இருக்கிறது. யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. (தொட்டுப் பார்க்கும் டாக்டர்களும் உண்டு. அவர்கள் வாசலில் வண்டி நிறுத்த எப்போதும் இடம் கிடைக்கும்.)

ரிப்போர்ட்டில் டிஸ்க் பல்ஜ், தேய்மானம் எல்லாம் இருக்கும். இல்லாமல் எப்படி இருக்கும்? முதுகுவலியே இல்லாத 3,110 பேரைப் பற்றிய ஆய்வுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 80 வயதில் 96 சதவீதம். அந்த வயதில் தேயாதவர்தான் அபூர்வப் பிறவி, அவரையல்லவா பிடித்துப் படுக்க வைத்துப் படம் எடுக்க வேண்டும்! அமெரிக்காவில் 63 வயதுப் பெண்மணி ஒருவருக்கு மூன்றே வாரத்தில் பத்து சென்டர்களில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பத்து ரிப்போர்ட்டிலுமாகச் சேர்த்து 49 கோளாறுகள். பத்திலும் ஒருமுகமாகச் சொல்லப்பட்ட கோளாறு ஒன்றுகூட இல்லை.

ரிப்போர்ட்டின் அடியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் ஒரு வரி எழுதுவது வழக்கம்: நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும். பொருத்திப் பார்க்க, நோயாளியை முதலில் பார்த்திருக்க வேண்டுமே, ஸ்கேனுக்கு அனுப்பிய டாக்டர் ஐயா! சில வாரத்தில் தானாக அடங்கக்கூடிய வலிக்காரரிடம் "இப்படியே விட்டா கால் போயிடும்" என்கிறீர்கள். அவர் குனிவதை நிறுத்துகிறார், வேலையை விடுகிறார், மனைவியின் நகையை அடகு வைக்கிறார். பிலிமைக் காட்டி மிரட்டுவதற்கு வைத்தியம் என்றா பெயர்?

ஸ்கேன் உண்மையிலேயே வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சிறுநீர் திடீரென்று நின்றுபோனவர், கால் மரத்துத் தொய்ந்தவர், புற்றுநோய் வந்து போனவர். சாயங்காலக் காய்ச்சலும் உடல் மெலிவுமாக முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கட்டடக் கூலிக்காரர். அவருடைய முதுகெலும்பைக் காசநோய் அரித்துக்கொண்டிருக்கலாம். அவரிடம் ஸ்கேனுக்குப் பணமில்லை. மருந்துக் கடையில் வலி ஊசி போட்டுக்கொண்டு மறுபடி செங்கல் சுமக்கிறார். காசநோய் மாத்திரையை அரசு இலவசமாகத் தருகிறது, ஆறு மாதத்துக்கு மேலும் தருகிறது. இலவச மாத்திரைக்குக் கமிஷன் கிடையாது. அவருக்கு இரண்டு காலும் விழுகிறவரை யாருக்கும் அவசரமில்லை.